ஒத்தைக்கு ஒத்தை போக்கர்: சாம்பியன் மாறினால் அது வெறும் அதிர்ஷ்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி நடத்திய ‘நேஷனல் ஹெட்ஸ்-அப்’, அதாவது இருவர் மட்டும் ஒத்தைக்கு ஒத்தை ஆடும் போக்கர் சீட்டாட்டப் போட்டியைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை படித்தேன். இத்தனை முறை நடந்தும் யாருமே இரண்டாவது முறை பட்டம் வாங்கவில்லை, ஆகவே முழுக்க அதிர்ஷ்டம்தான் என்று முடித்திருக்கிறீர்கள். தகவல் சரி. முடிவு தவறு.

2005-இல் பில் ஹெல்மியூத், பிறகு வரிசையாக டெட் ஃபாரஸ்ட், பால் வாசிக்கா, கிறிஸ் ஃபெர்குசன், ஹக் சீட், ஆனி டியூக், 2011-இல் எரிக் சைடல், 2013-இல் மைக் மேட்டுசோ. எட்டுப் பட்டம், எட்டுப் பேர். ஆனால் இறுதியில் தோற்றவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டாமா? 2005, 2006 இரண்டிலும் தோற்றவர் இதே ஃபெர்குசன். முதல் நான்கு போட்டிகளில் மூன்று முறை இறுதிக்கு வந்திருக்கிறார். காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தால், 64 பேரில் ஒருவர் இறுதிக்கு வர 32-இல் 1 வாய்ப்பு. நான்கில் மூன்று முறை வர ஏறக்குறைய எட்டாயிரத்தில் 1. அந்த 64 பேரில் யாராவது ஒருவருக்கு அது நேரட்டும் என்று கணக்குப் போட்டாலும் நூற்றுக்கு ஒன்று தேறாது. சைடல் 2010-இல் டியூக்கிடம் தோற்று மறு ஆண்டே ஜெயித்தார். ஹெல்மியூத் 2013-இல் மறுபடி இறுதிவரை வந்தார்.

பிறகு ஏன் சாம்பியன் மாறிக்கொண்டே இருந்தார்? கிளாவர், டைமண்ட், ஆட்டின், ஸ்பேட் என்று பிரிவுக்கு 16 பேர். ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. பட்டத்துக்கு ஆறு சுற்று ஜெயிக்க வேண்டும். இறுதி மட்டும் மூன்றில் இரண்டு. யாரோடு ஆடினாலும் பத்துக்கு ஆறு ஜெயிக்கிற கெட்டிக்காரர் என்றாலும், ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க அவருக்குள்ள வாய்ப்பு 100-க்கு 4.7 தான். சாதாரண ஆட்டக்காரருக்கு 1.6. மூன்று மடங்கு மேலானவர், ஆனாலும் நூறு போட்டியில் 95-இல் தோற்பார்.

ஆட்ட முறையிலும் ஒரு பிழை. சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட்; பெரியது பிக் பிளைண்ட், அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். இருவர் ஆடும்போதும் டீலருக்கு எதிராளிதான் ஸ்மால் பிளைண்ட் வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் டீலருக்கு அடுத்தவர் ஸ்மால் பிளைண்ட் வைப்பார். இருவர் மட்டும் ஆடும்போது டீலர் பட்டன் (டீலர் யார் என்று காட்டும் வில்லை) வைத்திருப்பவரே அதை வைக்க வேண்டும். முதல் பந்தயச் சுற்றில் அவர் முந்திப் பேசுவார் (பந்தயம் சொல்வார்). நடுச்சீட்டு (இருவருக்கும் பொதுவான சீட்டு) விழுந்த பிறகு கடைசியாகப் பேசுவார். தாங்கள் எழுதியபடி மாற்றி வைத்தால் எல்லாப் பந்தயச் சுற்றிலும் டீலரே கடைசியாகப் பேசுவார், எதிராளி பாடு திண்டாட்டம். மூவர் இருவராகும் நேரத்தில், ஒருவரே அடுத்தடுத்து இருமுறை பிக் பிளைண்ட் கட்டாதபடி பட்டனைச் சரிசெய்யவும் வேண்டும்.

நல்ல சீட்டுக்குக் காத்திருக்கவும் முடியாது. கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஜோடியாக விழுவது, சராசரியாக 17 முறை சீட்டுப் போட்டால் ஒரு முறை. ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் சராசரியாக முக்கால் பிக் பிளைண்ட் போகிறது. அதுவரை கவிழ்த்துக்கொண்டே இருந்தால் 13 பிக் பிளைண்ட் கரைந்துவிடும். பிளைண்டோ ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஏழு, ஜாக்கி போன்ற சுமார் சீட்டையும் ஆடத் தெரிந்தவர் இதில் பிழைக்கிறார்.

நம் பக்கத்தில் கொடைக்கும் பொங்கலுக்கும் கேரம் ஒற்றையர் நடத்துகிற இளைஞர் மன்றங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரே போர்டில் முடிக்காமல் மூன்றில் இரண்டு என்று வைத்தால், அந்த 4.7 என்பது 7.4 ஆகும். ஆனால் 64 பேர் ஆடினால், 63 போர்டு ஆட வேண்டிய இடத்தில் 126 முதல் 189 வரை ஆட வேண்டிவரும். நேரமில்லை என்றால் காலிறுதியிலிருந்தாவது செய்யலாம்.

திறமை உண்டு என்பதால் பணம் கட்டி ஆடலாம் என்று நான் சொல்லவில்லை. ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டு எனத் தமிழகச் சட்டம் பட்டியலிட்டது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. 2025-இன் மத்தியச் சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடுத்துவிட்டது. திறமையா என்பதும் பணம் வைத்து ஆடலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

போட்டி 2011-உடன் முடிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2011 ஏப்ரல் 15-இல் பெரிய இணையப் போக்கர் தளங்கள் மூன்றின் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டதை அடுத்து 2012-இல்தான் நடக்கவில்லை. 2013-இல் லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸில் மறுபடி நடந்தது. இதையும் பிளைண்ட் பிழையையும் அடுத்த ஞாயிறு மலரில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

– கணித ஆசிரியர் (ஓய்வு), பாளையங்கோட்டை