இசை ரசிகர் சங்கம், கொழும்பு: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர்களே, உறுப்பினர்களே,

தைப்பொங்கல் விழா, தியாகராஜ ஆராதனை, நவராத்திரி மூன்றும் வழமைபோல் நடந்தன. செயற்குழு சில மாதங்கள் கோரம் இல்லாமல் கலைந்தது.

இவ்வாண்டின் புது முயற்சி, அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேன் பற்றிய இசை கேட்கும் மாலை. "வெள்ளவத்தையில் ஜாஸ் யாருக்கு? கத்ரி கோபால்நாத்தைப் போட்டால் மண்டபம் நிறையும்" என்றார்கள் செயற்குழுவினர். நிறையும்தான். சாக்சபோனில் கர்நாடக இசை வாசித்த அந்தக் கத்ரியே 1980 இல் மும்பை ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜோன் ஹாண்டியுடன் வாசித்தவர் என்றேன். அப்புறம்தான் அனுமதி கிடைத்தது.

அன்று சொன்னதைச் சுருக்கமாகப் பதிகிறேன், வராதவர்களும் அறியட்டும். கோல்ட்ரேன் 1926 இல் வட கரோலைனாவின் ஹாம்லெட்டில் பிறந்தவர். ஹெரோயின் பழக்கத்தால் 1957 இல் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் பழக்கத்தை விட்டு, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் வாசித்து, மறு ஆண்டு டேவிஸிடமே திரும்பிப் போனார். அவருடைய 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டு 1964 டிசம்பர் 9 இல், ஒரே நாளில் பதிவானது. (நம் செயற்குழுவுக்குத் திகதி குறிக்கவே அதைவிடக் கூடுதல் நாள் பிடித்தது.) அதன் நான்காம் பகுதியில், தானே எழுதிய பிரார்த்தனைக் கவிதையை வாயால் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் சாக்சபோனில் ஊதுகிறார். சாகித்தியத்தை மனதில் வைத்து வாசிக்கும் நாதஸ்வர வித்துவானைப்போல. இதை அந்நிய இசை என்று எப்படித் தள்ளுவது? மகனுக்கு ரவி என்று பெயர் வைத்ததும் ரவி ஷங்கர் மேலிருந்த மதிப்பால்தான். 1967 இல் ஈரல் புற்றுநோயால் இறந்தபோது வயது 40.

வந்தவர்கள் முன்வரிசையைக்கூட நிரப்பவில்லை. மழை என்றார்கள். அதே மழையில் காலி வீதியால் கல்யாண வீட்டுக்குப் போனவர்களை நான் அறிவேன். ஸ்பீக்கர் வாடகை இன்னும் என் கணக்கில்தான் கிடக்கிறது, அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமன். சிறு துண்டுவிழும் தொகை உண்டு. விபரம் பொருளாளர் சொல்வார். சந்தா நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை நாகரிகம் கருதி வாசிக்கவில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

மண்டபம் தந்தோருக்கும், சிற்றுண்டி உபயகாரருக்கும், மகளிர் அணிக்கும் நன்றி.

2026 செப்டெம்பர் 23 கோல்ட்ரேனின் நூற்றாண்டு. ஒரு நேரடிக் கச்சேரியாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை. வேறொருவர் செயலாளராக வந்தால் மகிழ்ச்சியோடு விலகுவேன். இதுவரை எவரும் பெயர் தரவில்லை. மண்டபத்துக்கு முற்பணம் அடுத்த மாதம் கட்ட வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம் வாசலில், சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்