வென்ட்டைப் பார்த்தாயா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்ல மாட்டேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால்தான் தள்ளிப்போட்டேன். வீட்டில் எல்லோரும் நலம்.

பழைய தோட்டத்து டிராக்டரின் கியர் பாக்ஸில் எண்ணெய் ஒழுகுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? வெளிப்புறத்தைக் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவிக் கால் மணி நேரம் ஓட்டினேன். அச்சின் ஆயில் சீல் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருக்க, மூடி பொருந்தும் விளிம்பில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே எண்ணெய் கசியாமல் அடைக்கும் தாள், அதாவது பேக்கிங், போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அது தவறான முடிவு அல்ல, பாதி முடிவு.

அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரட்டும் என்று ஓட்டிய சூட்டோடு எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றினேன். பழைய பேக்கிங்கில் பாதி சருகுபோல் நொறுங்கி உதிர்ந்தது. மீதி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கை துடித்தது. ஆனால் வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் இதற்காக நம் இருவர் தலையிலும் வைத்த குட்டு நினைவுக்கு வந்ததால், பிளாஸ்டிக் பட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சுரண்டினேன். அந்த விளிம்பில் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் போதும், எண்ணெய்க்கு அதுவே வாய்க்கால். தடித்த தாளில் வெட்டினால் நன்றாக அடைக்கும் என்ற ஆசையையும் அடக்கிக்கொண்டேன். சில கியர் பாக்ஸ்களில் பேக்கிங்கின் கனத்தைப் பொறுத்துத்தான் உள்ளே ஷாஃப்ட் எவ்வளவு ஆடும் என்பது, அதாவது அந்த அச்சு அசைவதற்கான இடைவெளி, அமைகிறது என்பதால், பழைய துண்டை அளந்து அதே கனத்தில் வெட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினேன். போல்ட் எதுவும் மிச்சமாகவில்லை. நீ சிரிக்க வேண்டாம்.

ஒரே வாரத்தில் அதே இடத்தில் மீண்டும் ஒழுகியது. தாளைத் திட்டினேன், விற்றவரைத் திட்டினேன், பிறகு உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கடைசி வரியில் நீ கேட்டிருந்தாய்: "வென்ட்டைப் பார்த்தாயா?" படித்தும் பொருட்படுத்தாமல் விட்ட வரி அது. கியர் பாக்ஸின் மேல் இருக்கும் அந்தச் சிறு மூச்சுத்துளையைப் புல்லும் மண்ணும் எண்ணெயில் குழைந்து களிமண்ணாக அடைத்திருந்தன. ஓட்டி நிறுத்திய சூட்டில் அதைக் குத்தித் திறந்தபோது உஸ்ஸென்று காற்று சீறியது. உள்ளே சூடேறி விரிந்த காற்று வேறு வழியில்லாமல் என் புதுப் பேக்கிங்கைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. நீ சொன்னது சரி. எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இனி விளையாட்டுப் பேச்சு இல்லை. பிதுங்கிய பேக்கிங்கை மாற்றுவதற்காக மீண்டும் திறந்தபோது, முதல் முறை செய்யத் தவறிய ஒன்றைச் செய்தேன்: வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுத் துழாவினேன். மாவுபோன்ற சாம்பல் நிறப் பொடி ஒட்டியது. பழைய வண்டியில் அது இயல்புதான். அதனோடு அரிசி அளவில், ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் ஒரு துணுக்கு வந்தது. கியர்களைக் கையால் சுழற்றி, டார்ச் அடித்துக் கண்ணுக்கு எட்டிய பற்களையெல்லாம் பார்த்துவிட்டேன். எது உடைந்தது என்று தெரியவில்லை.

துணுக்கைக் காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பல்லின் விளிம்பா, பேரிங்கின் உடைசலா என்று உன் கண்ணுக்குத் தெரியலாம். உன் பதில் வரும்வரை கியர் பாக்ஸைத் துணி போட்டு மூடி வைத்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி