பராமரிப்போரின் படிப்புக்கும் உதவி தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் எங்கள் தாயாருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் என் தங்கை, கல்லூரியைப் பாதியில் விட்டவள், இப்போது கட்டிலின் ஓரத்தில் பாடநூலை விரித்துவைத்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் மிக நல்ல திட்டம்தான்; ஆனால் தொலைநிலையில் படிப்போருக்கு அதில் இடமில்லை. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு வேறு வழி ஏது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் படியை (பராமரிப்புக்கான உதவித்தொகையை)க் குறிப்பிடுகிறது. பராமரிப்பவரின் படிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தகையோருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகக் கட்டணத்தையும், தேர்வு நாள்களில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வைக்கும் செலவையும் அரசு ஏற்க வேண்டுகிறேன்.

— ஒரு வாசகி, திருச்சி