தஞ்சோங் மாலிம் வரைக்கும் ஒரு பக்கம்

அன்புள்ள கட்டை,

கேசட் தயார். நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுவேன். பழைய புரோட்டோன் சாகா கார் வாங்கியிருக்கிறேன், அதில் கேசட் பிளேயர் இன்னும் ஓடுகிறது என்று நீ ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணிக் கத்தியது ஒரு மாதத்துக்கு முன்னால். தீபாவளிக்குப் பினாங்கு வரும் வழியில் கேட்க ஒன்று பதிந்து கொடு, அறுபதிலிருந்து இந்தப் பக்கம் எல்லாம் இருக்கணும், ராக் மட்டும்தான், தமிழைக் கலக்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சொல்வது சுலபம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நான் எத்தனை கிலோ ஏறியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது, தினமும் சொல்கிறார். நான் வேலையை விட்டு நாலு மாதம். அதனால்தான் உன் கேசட்டுக்கு நேரம் கிடைத்தது.

அப்புறம் கேசட் பதிகிற டெக். பத்துப் பன்னிரண்டு வருடமாக மாடி அலமாரியில் கிடந்ததைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரி சக்கரத்தில் அப்பிக்கிடக்கிறது. பல் குத்தும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. நாடா உரசி ஓடுகிற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் வந்தது. பழைய கேசட்டுகளைப் பற்றிக் கேட்காதே, இந்த ஊர் ஈரத்துக்குப் பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை. நாம் லெபோ பாசார் கடைத்தெருவில் காசு சேர்த்து வாங்கியதெல்லாம் அதில் போச்சு. நல்லவேளை, உறை பிரிக்காத சி-90 ஒன்று பழைய சாமான் விற்கிறவரிடம் எட்டு வெள்ளிக்குக் கிடைத்தது.

சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், அதற்கு மேல் ஒரு பாட்டுக்கும் இடம் கிடையாது. (சி-120 கேட்டுவிடாதே, நாடா மெல்லிசு, உன் கார் பிளேயர் அதைத் தின்றுவிடும்.) போனில் பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது, ஐந்நூறு பாட்டைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பேப்பரில் நிமிடக் கணக்குப் போட்டு, அடித்து, திரும்பப் போட்டு, மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன். லெட் ஸெப்பெலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எங்கே என்று நீ கேட்பாய் என்று தெரியும். எட்டு நிமிடம்டா அது! அந்த இடத்தில் மூன்று பாட்டு வைக்கலாம், வைத்திருக்கிறேன். உனக்கு அது மனப்பாடம், வேண்டுமென்றால் பாடிக்கொண்டே ஓட்டு.

முதல் பக்கம் கிங்க்ஸ், 1964, ‘யூ ரியலி காட் மீ’. இரண்டேகால் நிமிடம்தான். அதன் கிதார்காரர் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தது அது, கிதார் அப்படிக் கரகரக்கிறதற்கு அதுதான் காரணம். அடுத்தது பிளாக் சபாத், ‘பாரனாய்ட்’, 1970. அவர்களுடைய கிதார்காரர் டோனி ஐயோமிக்குப் பதினேழு வயதில் தகரப் பட்டறை மெஷினில் இரண்டு விரல் நுனி போய்விட்டது, அதுவும் வேலையின் கடைசி நாளில். அவர் சோப்புத் திரவப் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, அழுத்த முடியவில்லை என்று மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் முன்னால் எட்டு வருடம் நின்றவன் நான், அந்தப் பாட்டைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் என் கை தானாக மடங்கிக்கொள்ளும்.

சுத்தமாக ஓடிக்கொண்டிருந்த பதிவு இங்கேதான் மாட்டியது. பழைய பதிவுகளுக்கு டெக்கில் சத்த அளவு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை, நான் சத்தத் திருகைக் கூட்டி வைத்தேன், அப்படியே மறந்துபோய் அடுத்த பாட்டைப் போட்டதும் முள் சிவப்புக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது, சத்தம் உடைகிறது. முதலிலிருந்து மறுபடியும். தொண்ணூறு நிமிடத்தைப் பதிய எனக்கு மூன்று நாள்.

நம்ம மலாய் ராக் குழு செர்ச் இருக்கிறது, ‘இசபெல்லா’, 1989, அது இல்லாமல் நமக்கு என்ன ராக். 1992இல் நீள முடியோடு டிவியில் வரக்கூடாது என்று சொல்லி, தகவல் அமைச்சரே கத்தரிக்கோலைப் பிடித்து செர்ச் பாடகர் ஏமியின் முடியை வெட்டினாரே, மறுநாளே உன் அப்பா உன்னை முடி வெட்டும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். நீ ஒரு வாரம் தொப்பியோடு திரிந்தாய். இரண்டாம் பக்கத்தில் நிர்வானா, ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’, அதற்கு ஒட்டினாற்போல நம்ம மலேசியக் குழு பட்டர்ஃபிங்கர்ஸ், 1996இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து ஒன்று. மீதியை நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

சரி, இப்போது திட்டாமல் படி. தமிழைக் கலந்திருக்கிறேன். முதல் பக்கக் கடைசியில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’, 1978. அதில் மார்க் நாப்ளர் தந்தி மீட்டுகிற பிக் பிடிக்காமல் விரலாலேயே மீட்டுகிறார். அது தேய்ந்து முடிந்த கையோடு ‘என் இனிய பொன் நிலாவே’. ‘மூடுபனி’, 1980, ராஜாவுக்கு நூறாவது படம். இரண்டுக்கும் நடுவில் இரண்டே வருடம். ராஜா ராக் இல்லை என்று நீ பசார் மாலாம் இரவுச் சந்தையில் சாத்தே குச்சியை ஆட்டிச் சண்டை போட்டாயே, இப்போது ஜேசுதாஸை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற பேஸ் கிதாரை மட்டும் கேள். சண்டையை இங்கே வந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், சபாத்துக்குப் பின்னால் அதைப் போட்டுப் பார்த்தேன், கல்யாண வீட்டில் பேய் புகுந்த மாதிரி இருந்தது. நாப்ளர் பக்கத்தில் வைத்ததும் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பாட்டு என்பதைவிட எதற்குப் பக்கத்தில் எது என்பதற்குத்தான் நான் ராத்திரியெல்லாம் விழித்தேன்.

கடைசிப் பாட்டு அலிகேட்ஸ், ‘சம்பைகான் சலாம் சிந்தாக்கு’. அது ராக் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஆறுமுகத்தின் பிள்ளைகள் இரண்டு பேர், நம்ம பினாங்குக்காரர்கள், ஊரே மலாயில் முணுமுணுக்கிற மாதிரிப் பாடியிருக்கிறார்கள், அவர்களில் லோகா 2007இல் இறந்துபோனார், அதை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வரும் பாதைக்கு ஒரு கேசட் எப்படிச் செய்வது?

கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போது போட்டால், நெரிசல் இல்லையென்றால், தஞ்சோங் மாலிம் பக்கத்தில் முதல் பக்கம் முடியும், தாப்பாவில் இரண்டாவது. அங்கே நிறுத்தித் தே தாரிக் குடி. கேசட்டை வெயிலில் டேஷ்போர்டு மேல் விட்டுவிடாதே, வளைந்துவிடும்.

1991இல் என் கேசட்டை இரவல் வாங்கி, அதன் மேல் பந்து மேட்ச் வர்ணனையைப் பதிந்து திருப்பிக் கொடுத்தாயே, நான் மறக்கவில்லை. அதனால் பின்பக்கம் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிட்டேன், இனி இதில் ஒன்றும் பதிய முடியாது. ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் முடியும் என்று உனக்குத் தெரியும். ஒட்டாதே.

உன்,
குண்டு