திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கு ஒரு மைக் செட்காரனின் மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் திருவிழா எடுத்து நடத்தும் விழாக் குழுப் பெரியவர்களுக்கும், நாட்டாமைகளுக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

22 வருடமாக மைக் செட் போட்டுப் பிழைக்கிறவன் நான். காப்புக் கட்டும் அன்று புளியமரத்தில் குழாய் கட்டுவதில் ஆரம்பித்து, விடையாற்றி முடிந்து ஒயரைச் சுருட்டும் வரை உங்கள் ஊரில்தான் கிடப்பேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். உங்கள் ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்த குடும்பம் என்னுடையது. அதனால் சண்டைக்கு நிற்கவில்லை. ஒரு வருடமாக மனசில் கிடந்து உறுத்துவதைச் சொல்லிவிட வேண்டும்.

என் மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். கேர்ள் குரூப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவில் வருவது போல ஆளுக்கொரு பாட்டு என்று பாடிவிட்டு உட்காருவதில்லை. ஒரே பாட்டை நாலு பேரும் வரி வரியாகப் பிரித்து, பாடிக்கொண்டே ஆடுவார்கள். அவர்களே மெட்டுப் போட்ட பாட்டு ஆறு இருக்கிறது.

ஒத்திகைக்கு இடம் கிடையாது. எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்துச் சிமென்ட் களம் அறுவடை இல்லாத மாதங்களில் சும்மா கிடக்கும். விடியற்காலையில் அங்கே போய்க் கோலமாவால் தரையில் புள்ளி வைப்பார்கள். எந்த வரிக்கு யார் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதற்கு முன்னால் களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே பாட வேண்டும். மூச்சு வாங்கினால் சுருதி இறங்கிவிடும், அது இறங்காமல் நிற்கிற வரைக்கும் ஓட்டம்தான். தை பிறந்து மூட்டைகள் வர ஆரம்பித்தால் களம் போய்விடும். அப்புறம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. அதில் பாதியைத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

போன வைகாசியில் ஓர் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். எட்டு மணிக்கு மேடை என்று பேசி அட்வான்ஸும் கொடுத்தார்கள். ஏறும்போது மணி 12.40. அதுவரை நாலு பெண்களும் எங்கள் டாடா ஏஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். உடை மாற்றியதும் அதற்குள்தான். என் மனைவி புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒதுங்குவதற்கு நாலு தெரு தள்ளி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம்.

அங்கே மைக் செட் வேறொருவருடையது. கார்ட்லெஸ் மைக் இரண்டே இரண்டு. நாலு பேர் பாட்டை இரண்டு மைக்கில் பாடினார்கள். ஆடிக்கொண்டே ஒருத்தி தன் வரியை முடித்து அடுத்தவள் கையில் மைக்கைத் திணிக்க வேண்டும். மேடையில் மானிட்டர் பெட்டி இல்லாததால் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை. அப்படியும் சுருதி நின்றது. இந்தத் தொழிலில் காது பழகியவன், பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டில் நாலு குரலும் ஒன்று சேருகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு வரும்போது விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடையேறி, என் மகள் கையிலிருந்த மைக்கை வாங்கி உபயதாரர் பட்டியலை வாசித்தார். அடுத்து பொன்னாடை. அது முடிந்ததும், “குத்துப் பாட்டு ரெண்டு பாடிட்டு முடிச்சிக்கம்மா” என்றார். பேசிய தொகை 18,000 ரூபாய். கைக்கு வந்தது 11,000. மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, கேட்பதற்குக் கையில் ஒரு சீட்டுகூட இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மகள் பேசவில்லை. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறும்போது, “அப்பா, நாங்க நாலு பேரும் சேர்ற அந்த இடத்த யாருமே கேக்கல இல்ல?” என்றாள். பணத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

படிப்பு முடியும் வரை பொழுதுபோக்காகப் பாடுகிறார்கள் என்றுதான் உங்களில் பலர் நினைக்கிறீர்கள். இதைத் தொழிலாக எடுத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய்லாந்தில் புரிராம் என்று நம்மைப் போல நெல் விளைகிற மாகாணம் ஒன்று. அங்கே பிறந்த லிசா 2010-இல், பள்ளிக்கூட வயதில், ஒரு கொரிய நிறுவனத்தின் தேர்வில் தேறினார். மறு வருடம் கொரியாவுக்குப் போய் ஐந்து வருடம் பயிற்சி எடுத்தார். 2016 ஆகஸ்டில்தான் அவர் இருக்கிற பிளாக்பிங்க் குழுவின் முதல் பாட்டு வந்தது. நாலு பெண்கள். 2023-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் முதன்மை நிகழ்ச்சி அவர்களுடையது. அந்த வருடக் கடைசியில் குழுவாகச் சேர்ந்து பாடுவதற்கு மட்டும் பழைய நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, தனியாகப் பாடுவதற்கு ஒவ்வொருவரும் தனி வழி பார்த்துக்கொண்டார்கள். லிசா சொந்தமாகவே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

கொரியாவிலும் எல்லாம் நியாயமாக நடந்துவிடவில்லை. ஒரு புகழ்பெற்ற ஆண்கள் குழுவில் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று 2009-இல் நீதிமன்றம் போனார்கள். அதே வருடம் அரசு ஆணையமே ஒரு மாதிரி ஒப்பந்தம் போட்டு, ஏழு வருடத்துக்கு மேல் கூடாது என்றது. பாடுகிறவர்களுக்குத் தாளில் எழுதிய பேச்சு எவ்வளவு தேவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் 22 வருடமாக வாய்ப்பேச்சிலேயே ஓட்டியவன்.

நம் பிள்ளை ஒருத்தியும் இந்த வழியில் போயிருக்கிறாள். லாரா ராஜ், அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 20 பெண்கள் போட்டியிட்ட தேர்வில் கடைசியாக நின்ற ஆறு பேரில் ஒருத்தி. கேட்ஸ்ஐ என்ற அந்தக் குழு 2024 ஜூனில் முதல் பாட்டை வெளியிட்டது. அடுத்த வருடமே கிராமி இசை விருதுப் பரிந்துரைப் பட்டியலில் சிறந்த புதுக் கலைஞர் பிரிவில் அவர்கள் பெயர் வந்தது. நெற்றியில் பொட்டோடு அவள் மேடையில் நிற்கும் படத்தை என் மகள் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

“இதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஒத்து வருமாப்பா?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, விடியற்காலை ஐந்து மணிக்கு ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் உங்கள் ஊரில் நான் முதலில் ஒலிக்கவிடுவது யார் குரல்? சூலமங்கலம் சகோதரிகள். அய்யம்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். இரண்டு பெண்கள் ஒரே மூச்சாகச் சேர்ந்து பாடுவதைக் கேட்டுத்தான் நம் வீடுகளில் காபி போடுகிறார்கள்.

திருவையாற்றையும் நினைத்துப் பாருங்கள். தியாகராசர் சமாதிக்குத் தன் நகையையும் சேமிப்பையும் போட்டுக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட அன்றைக்கு இடம் கிடையாது. அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். பெண்கள் கட்சி என்றே அதற்குப் பெயர். பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்றாக அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் அந்தச் சமாதியைப் பார்த்தபடி அம்மாளின் சிலை இருக்கிறது. காவிரிக் கரையில் பெண்கள் கூடிப் பாடுவது என் மகள் கொண்டுவந்த புதுசு இல்லை.

ஒரு குழு சேர்ந்து நிற்கிற காலம் ரொம்பக் குறைச்சல். இந்த நாலு பேரில் ஒருத்திக்கு வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான் மேடை. ஒரு சீசன் வீணானால் அவர்களுக்குப் போனது போனதுதான்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பேசும்போது தொகையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுவோம். இறங்கியதும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பெண்கள் குழுவை ஒன்பது மணிக்குள் மேடையேற்றுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களும் அப்போதுதான் உட்கார்ந்து பார்க்க முடியும். மேடைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கழிப்பறையோடு. பள்ளிக்கூடமோ ஊராட்சிக் கட்டடமோ பக்கத்தில் இருந்தால் சாவியை முதல் நாளே வாங்கி வைத்தால் போதும். உபயதாரர் பெயரைத் தாராளமாக வாசியுங்கள், பொன்னாடையும் போர்த்துங்கள். பாட்டு முடிந்த பிறகு செய்யுங்கள்.

மைக்குக் கவலை வேண்டாம். நாலு கார்ட்லெஸ், இரண்டு மானிட்டர் பெட்டி வாங்கிவிட்டேன், கடனில்தான். எந்தக் குழுவுக்காகப் பெண் பிள்ளைகள் மேடை ஏறினாலும், என் மகள் குழுவாக இல்லாவிட்டாலும், அவற்றுக்குத் தனி வாடகை வாங்க மாட்டேன். வரும் சித்திரைக்குத் தேதி வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். ஆறு மணிக்கே வந்து, நாலு மைக்கையும் தட்டிப் பார்த்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்களில் குழாய் கட்டும் மைக் செட்காரன்