பத்துக் கன்றுக் கணக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் யாழ்ப்பாணத்துப் பனை பற்றி வந்த கட்டுரையில் ஓர் அதிகாரி சொன்னதாக ஒரு வசனம்: “தறிக்கப்படும் ஒவ்வொரு பனைக்கும் பத்துக் கன்றுகள் நடப்படுவதால் இயற்கைச் சமநிலைக்குப் பாதிப்பில்லை.” அதைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் அந்த அதிகாரி ஐயா கன்று நடும் படம். கையில் இருந்ததோ தென்னம்பிள்ளை.

பனங்கொட்டை முளைத்தால் முதலில் கீழேதான் இறங்கும். கிழங்கு விழுந்த பிறகுதான் ஓலை மேலே எட்டிப் பார்க்கும். பிடுங்கி நட அது தக்காளியல்ல. கிழங்குக்குப் பனம்பாத்தி போட்ட எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சரி, நட்டது பிழைத்தது என்றே வைப்போம். பாளை விட 12 வருடமாவது செல்லும், சிலது 20 வருடமும் எடுக்கும். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடத் தெரியாது. வைரம் பாய்ந்து கூரைச் சிலாகைக்கு உதவ இன்னும் ஒரு தலைமுறை வேண்டும். இதில் எந்தப் பத்து எந்த ஒன்றுக்கு ஈடு என்பதைத் தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மரமே தறிக்கக்கூடாது என்று கொடி பிடிக்கிறவன் அல்ல நான். எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் பனஞ்சிலாகைதான். அப்பு காலத்தில் ஏற்றியது, இன்றுவரை ஓடு இறங்கவில்லை. அவர் முற்றிய மரமாகப் பார்த்து, உச்சி வட்டில் எது குடியிருக்கிறது என்று கள்ளுச் சீவ ஏறும் சீவல்காரரிடம் கேட்டுத்தான் தறிப்பித்தார். குசினிப் பக்கம் சரிந்து நின்ற ஒரு பனைக்கு நானும் அனுமதி கேட்டேன். விதானையாரின் (கிராம அலுவலர்) கடிதம், காணி உறுதிப் பிரதி, “ஐயா இன்று களத்துக்குப் போய்விட்டார்” எல்லாம் பார்த்தாயிற்று. சோளகக் காற்றுக் காலத்தில் கொடுத்த விண்ணப்பம், மாதங்கள் கழிந்து வாடைக் காற்றுத் தொடங்கித்தான் அசைந்தது. அதே நாட்களில் எங்கள் ஒழுங்கையால் இரவிரவாகக் குற்றி ஏற்றிய உழவு இயந்திரங்கள் லைற் போடாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குற்றிகளுக்கான பத்துப் பத்துக் கன்றுகளை எந்த வளவில் நட்டார்களோ!

போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பியபோது எங்கள் வளவில் ஷெல் பட்டுத் தலைபோன பனைகள் நின்றன, பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்தது போக மிஞ்சியவை. பார்க்கவே வயிறு எரியும். ஆனால் கிளிகள் வந்து அவற்றில் பொந்து பிடித்தன. ஒன்றில் ஆந்தை இருந்தது. கீழே நின்று அண்ணாந்தால் பொந்து வாயில் கிளியின் சிவந்த சொண்டு மட்டும் தெரியும். பிறகு ஒரு துப்புரவுப் பணி வந்தது. “பட்ட மரம்தானே” என்று ஒரே பகலில் எல்லாவற்றையும் சரித்தார்கள். கிளிகள் நாட்கணக்கில் அந்த வெறும் வானத்தில் கத்திக்கொண்டு திரிந்தன. பட்ட மரத்துக்குப் பதில் கன்றும் கிடையாது, கேள்வியும் கிடையாது. பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றை அனுமதியின்றி வெட்டாதே என்று 1951இல் சட்டம் போட்டவர்கள் நினைத்தது எங்கள் சாப்பாட்டை. நல்லதுதான். ஆனால் தொங்கும் பனையோலையில் எச்சிலால் கூடு ஒட்டுகிற பனை உழவாரன் குருவிக்கு ஆண்பனையும் வீடுதான்.

எங்கள் ஆட்களையும் சும்மா விடுவதற்கில்லை. பனைக்கு மேடை போட்டு உருகுவார்கள். வீடு கட்டும்போது முதிரை மரக் கதவு, பாலை மர வளை என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். அந்த முதிரை எந்தக் காட்டில் நின்றது என்று கேட்டால் மரம் விற்கும் மரக்காலையைக் கை காட்டுவார்கள். வன்னியிலோ வனத் திணைக்களத்தார், சனம் காலங்காலமாக விதைத்த காணிக்குள் எல்லைக்கல் நட்டு அதுவும் வனம் என்கிறார்கள், உண்மையான காட்டுக்குள் வாள் ஓடுகிறது. வடமராட்சிக் கரையோர மணற்காட்டில் நிற்கும் சவுக்கு மரங்களிலும் கைவைக்கிறார்கள். அங்கே மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தவனுக்கு அந்தச் சவுக்கு எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பெட்டி கட்டிப் போட்டதுதான் மனவருத்தம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வளவில் எத்தனை மரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள் என்ற விபரத்தை விதானையார் அலுவலகப் பலகையில் மாதாமாதம் ஒட்டச் சொல்லித் தங்கள் பத்திரிகை ஒருமுறை எழுதட்டும். இரவில் போகும் உழவு இயந்திரத்தை மறித்துக் கேட்க ஊருக்கு அந்தத் தாள் போதும். விண்ணப்பப் படிவத்தில் “மரத்தில் பொந்தோ கூடோ உண்டா?” என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். காணி உறுதி இலக்கத்துக்குக் கீழே இடம் இருக்கிறது, நானே பார்த்தேன்.

இங்ஙனம்,
தென்மராட்சி வாசகன்