வவுச்சர் தந்த எல்லாருக்கும், திருகோணமலையில இருந்து ஒரு நன்றி மடல்

வணக்கம். போன மார்கழியில இருந்து இந்த மாசம் வரைக்கும் தங்கட வீட்டு லாச்சிக்குள்ள, அலுமாரிக்குள்ள, ஹேண்ட்பேக்குக்குள்ள சும்மா கிடந்த சுப்பர்மார்க்கட் வவுச்சரத் தேடி எடுத்து எங்கட கையில தந்த எல்லாருக்கும் இத எழுதுறன். நேர்ல கண்டு சொல்லத்தான் நினைச்சன், ஆனா பாதிப்பேர் என்வலப்ப வாசல்ல குடுத்திட்டு பேர்கூட சொல்லாம போயிட்டீங்க, அதால இப்பிடித்தான் சொல்ல ஏலும்.

முதல்ல கணக்கு. வந்து சேர்ந்தது 73 வவுச்சர். அதில 7 திகதி முடிஞ்சது. மிச்சம் 66, 500 ரூவாயில இருந்து 5,000 வரைக்கும், எல்லாமா 83,500 ரூவாக்கு சாமான் வாங்கி மூண்டு இடத்துக்குக் குடுத்தாச்சு. ஒரு முதியோர் இல்லம், ஒரு பொம்பிளப்பிள்ளையள் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளையள் பகல்ல வந்து போற ஒரு நிலையம். பேர் போட வேண்டாம் எண்டு அவங்களே கேட்டதால போடல்ல. பில் எல்லாம் கொப்பியில ஒட்டி வச்சிருக்கு, தந்த ஆக்கள் எப்ப வந்தாலும் பாக்கலாம்.

இது திட்டம் போட்டுத் தொடங்கினது இல்ல. வருசக் கடைசியில வங்கியில கம்பனியில வேலை செய்யிற ஆக்களுக்கு வவுச்சர் குடுக்கிறது வழக்கம்தானே, கலியாண வீட்டுக்கும் இப்ப சில பேர் காசுக்குப் பதிலா அதத்தான் என்வலப்புக்குள்ள வைக்கிறாங்க. வீட்டில ஆள் குறைவு எண்டா, இல்லாட்டி குச்சவெளி, மூதூர் மாதிரி தூரத்தில இருக்கிற ஆக்கள் எண்டா, அதுக்காக டவுனுக்கு வந்து போக நேரம் இல்லாம அது அப்பிடியே கிடந்து திகதி முடிஞ்சிரும். காசா மாத்த ஏலாது, மிச்சக்காசும் தரமாட்டாங்க. எங்கட அம்மா அத இப்பவும் கூப்பன் எண்டுதான் சொல்லுவா, சங்கக்கடையில கூப்பன் அரிசிக்கு லைன்ல நிண்டு வளந்த ஆள், 1979 இல அது போய் உணவு முத்திரை வந்ததையும் கண்டவ. என்ட மேசையில 2,000 ரூவா வவுச்சர் ஒண்டு தூசி பிடிச்சுக் கிடந்ததக் கண்டிட்டு, "கூப்பன இப்பிடிப் போட்டு வைப்பாங்களா பிள்ள, அது ஒரு வீட்டுக்கு ரெண்டு நாள் சாப்பாடு" எண்டா. அந்தச் சொல்லுதான் தொடக்கம். அதால முதல் நன்றி அம்மாக்கு.

முதியோர் இல்லத்துக்குப் போய் என்ன வேணும் எண்டு கேட்டப்ப அரிசி பருப்பு எண்டுதான் சொல்லுவாங்க எண்டு நினைச்சன். பொறுப்பா இருக்கிற அக்கா கொஞ்ச நேரம் தயங்கிட்டு சுவத்தில கொழுவியிருந்த கலண்டரக் காட்டினா. பிறந்தநாள், ஆண்டுத்திவசம் எண்டு வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் பகல் சாப்பாட்டுக்குப் பதிஞ்சு வச்ச நாளெல்லாம் சிவப்புப் பேனையில வட்டம், சில நாளுக்கு ரெண்டு வட்டம். "பகலுக்குச் சோறு அநேகமா வந்திரும் தங்கச்சி, அதுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கிறம், ஆனா உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் பால்மாவும் பெரியாக்களுக்குக் கட்டுற பம்பர்ஸும் ஆரும் பிறந்தநாளுக்குத் தாறல்ல" எண்டா. 2022 ஞாபகம் இருக்கும்தானே, அந்த வருசம் செப்டம்பர்ல சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருசத்துக்குள்ள 94.9 வீதம் ஏறிட்டு எண்டு கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்கு சொன்னது, பால்மாக்கு விடிய லைன்ல நிண்ட காலம். அப்ப நிப்பாட்டின பின்னேரப் பால் தேத்தண்ணிய அவங்களால திருப்பித் தொடங்க ஏலாமலே இருந்திருக்கு, விலை ஏறுறது நிண்டதேயொழிய பழைய விலைக்கு இறங்கல்லத்தானே. தைமாசத்தில இருந்து அந்த இல்லத்தில நாலு மணிக்குப் பால் தேத்தண்ணி ஊத்துறாங்க. அது நீங்க தந்தது.

பொம்பிளப்பிள்ளையள் இல்லத்தில முதல் கேட்டது நப்கின். அதச் சொல்ல அங்க இருக்கிற அக்கா கூச்சப்பட்டா, கூச்சப்பட அதில ஒண்டும் இல்ல, மாசாமாசம் இத்தினை பிள்ளையளுக்கு வாங்கிறது எவ்வளவு பெரிய செலவு எண்டு பில்லப் பாத்தப்பதான் எனக்கே விளங்கினது.

இப்ப ஆக்களுக்கு வாறன். கிண்ணியாவில இருந்து ஒரு நானா, நோன்பு பிடிச்சுக்கொண்டு நல்ல வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிள்ல வந்து அஞ்சு வவுச்சர் தந்தார், தன்ட ஒண்டு, மிச்சம் கூட வேலை செய்யிற ஆக்களிட்ட கேட்டு வாங்கினது. 2009 இல கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முதல் எண்டா பாதை எண்டு சொல்ற மிதவையில ஏறித்தான் இந்தப் பக்கம் வந்திருக்கோணும், அப்பவும் வந்திருப்பன் எண்டு சிரிச்சார். கந்தளாயில இருந்து தினம் பஸ்ல வேலைக்கு வாற மிஸ் ஒராள், எனக்குச் சிங்களம் வராது, அவக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனா தன்ட கந்தோர்ல மேசை மேசையாப் போய் விளங்கப்படுத்தி 19 வவுச்சர் சேர்த்துத் தந்தவ. 19! இந்த முழு வேலையில ஆகக்கூட சேர்த்தது அவதான். போஹொம ஸ்துதி மிஸ்.

அடுத்தது காஷ் கவுண்டர்ல நிண்ட தங்கச்சி. ஒரே நாள்ல கட்டாக் கொண்டுபோய் 10,000 ரூவாக்கு வவுச்சர நீட்டினா எந்தக் காஷியருக்கும் எரிச்சல் வரும், பின்னால வேற லைன். ஒவ்வொண்டா பார்கோட் அடிச்சு, ஒவ்வொண்டின்ட பின்பக்கமும் என்னட்ட சைன் வாங்கி, கடைசியில பில் 9,940. மிச்சம் 60 ரூவா சும்மா போகப்போகுது. அந்தப் பிள்ள கையக் கழுவி விடாம, "அக்கா 60 ரூவாய விடாதீங்க, அந்தா ஷாம்பு பக்கட் தொங்குது, 60க்கு எத்தினை வரும் எண்டு பாத்து எடுத்திட்டு வாங்க, நான் நிப்பாட்டி வைக்கிறன்" எண்டு சொல்லிச்சு. பின்னால நிண்ட ஐயா, கையில ஒரே ஒரு பாண் றாத்தல் வச்சுக்கொண்டு நிண்டவர், "போய் எடுங்க பிள்ள, எனக்கு அவசரமில்ல" எண்டார். அந்த ரெண்டு பேரையும் நான் மறக்கமாட்டன்.

திகதி முடிஞ்ச அந்த 7 பத்தியும் சொல்லோணும். அது 9,000 ரூவா பெறுமதி. அதில மூண்டு எங்கட கைக்கு வரேக்க திகதி இருந்தது, எல்லாம் சேரட்டும் ஒண்டாப் போவம் எண்டு நான்தான் வச்சிருந்தன். ஒரு கடையில மனேஜரக் கண்டு கதைச்சும் பாத்தன், ஏலாது எண்டிட்டாங்க. தந்த ஆக்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். இப்ப என்வலப் வந்த உடன மேல பெரிசா திகதி எழுதி, கிட்டடியில முடியிறத முன்னுக்கு வைக்கிறம்.

முதியோர் இல்லத்தில ஒரு அம்மம்மா இருக்கிறா, கண் சரியாத் தெரியாது. முதல் தரம் போகேக்க என்ட கையப் பிடிச்சு, தனக்கு ஒரு ஓடிக்கொலோன் போத்தல் கிடைக்குமா எண்டு மெதுவாக் கேட்டா, வேற ஒண்டும் கேக்கல்ல. அடுத்த தரம் கொண்டுபோனப்ப மூடியத் திறந்து லேஞ்சியில ரெண்டு சொட்டு விட்டு, முகத்தில ஒத்திட்டு, அந்த லேஞ்சிய நாலா மடிச்சு சட்டைக்குள்ள செருகிட்டு, அவர் உயிரோட இருக்கேக்க டவுனுக்குப் போனா இதத்தான் வாங்கிட்டு வருவார் எண்டு சொன்னா. அத வாங்கினது 500 ரூவா வவுச்சர்ல. யார் தந்ததெண்டு தெரியல்ல, பழைய கலியாணக் காட் ஒண்டுக்குள்ள வச்சிருந்தது. தந்தவர் இத வாசிச்சா, அது இப்ப அந்த அம்மம்மாட தலகணிக்குப் பக்கத்தில இருக்கு.

ஓட்டோ அண்ணாக்கு எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியல்ல, ஆறு தரம் ஓடினவர், பெற்றோல் காசு மட்டும் எடுத்தார், கடைசி ரெண்டு தரம் அதுவும் எடுக்கல்ல, மூட்டையும் அவரே தூக்கினவர். பில்லெல்லாம் ஒட்டிக் கணக்கு எழுதின பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஓஎல் சோதினை கிட்டுது, இனி இந்த வேலை தரமாட்டன், வடிவாப் படிக்கட்டும்.

இத எழுதிக்கொண்டிருக்கேக்க இன்னும் மூண்டு வவுச்சர் வந்திருக்கு, திகதி இந்த மாசம் 31. சனிக்கிழமை காலமை 9 மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில இருந்து வெளிக்கிடுறம். ஓட்டோவில ஒராளுக்கு இடம் இருக்கு, வர விருப்பமான ஆக்கள் வாங்க.